தக்கோலத்துக்கு மறுநாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், சோழர் காலத்தை வைத்துக் கணினியில் ஆடும் வியூக விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். கப்பலும் கோட்டையும் யானையும் பார்க்க நன்றாக இருந்தன. நம் பிள்ளைகள் இதில் இறங்கியிருப்பது சந்தோஷம்தான். ஆனால் கட்டுரைக்குக் கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்த பாத்திர அட்டைகளைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ராஜராஜனுக்கு வீரம் 95, அறிவு 95, கருணை 90. ராஜேந்திரனுக்கு வீரம் 98, அறிவு 92, கருணை 85. குந்தவையாருக்குக் கருணை 99. ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவனுக்கு மட்டும் வஞ்சகம் 90. மூன்று பேர் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள், நாலாவது ஆள் திருட்டு முழி. இவர்களில் யாரிடம் எப்படிப் பேசுவது, யாரை எங்கே நம்புவது என்று ஆடுகிறவனுக்கு என்ன தெரியும்?

உனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸும் இ-சேவையும் பார்க்கிற கடை என்னுடையது. 2000-களில் அதே இடத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ரிசல்ட் பார்க்க வருகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார்கள். தினமும் சாயங்காலம் வந்து, கணினிகளை லேனில் இணைத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற போர் விளையாட்டை ஆடிய பையன்கள்தான் கடை வாடகையைக் கட்டினார்கள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே நானும் கற்றுக்கொண்டேன். இப்போதும் ஷட்டரை இறக்கிய பிறகு ஆடுகிறேன். வீட்டில் தெரியும்.

எண் போடுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. கணினிக்கு எண்தான் புரியும். எந்த எண், எதற்கு என்பதுதான் கேள்வி. ஜப்பானின் கோயெய் நிறுவனம் சீனாவின் மூன்று அரசுகள் காலத்தை வைத்து 1985 முதல் விளையாட்டுகள் வெளியிட்டு வருகிறது. அதில் லூ பூ என்ற தளபதிக்குப் போர்த்திறன் 100. ஆனால் தன் தலைவர்கள் இரண்டு பேரைத் தன் கையாலேயே கொன்ற ஆள் அவன். அவனை வேலைக்கு வைக்கிற மன்னன் ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடியாது. அதையும்விட எனக்குப் பிடித்தது, அந்த விளையாட்டு ஒவ்வொருவருக்கும் வெளியே காட்டாமல் ஒளித்து வைத்திருக்கும் ‘ஒத்துப்போகும் எண்’. இரண்டு பேரின் எண் பக்கம் பக்கமாக இருந்தால் ஒட்டிக்கொள்வார்கள். தூரமாக இருந்தால் என்ன பொன் கொடுத்தாலும் மனசு ஒட்டாது. வீரம், அறிவு என்று பத்துப் பாராட்டு எழுதுவதைவிட இந்த ஒரு எண் நிறைய வேலை செய்கிறது.

இதற்கு நேர் எதிர்க் கதை சிவிலைசேஷன் விளையாட்டின் காந்தி. 1991-இல் வந்த முதல் விளையாட்டில் காந்திக்கு மூர்க்கம் 1 என்று வைத்திருந்தார்களாம், ஜனநாயகத்துக்கு மாறியதும் அதிலிருந்து இரண்டு கழிந்து, கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாமல் சுற்றிக்கொண்டு உச்ச எண்ணான 255 ஆகிவிட்டதாம், அதனால்தான் அவர் அணுகுண்டு போட ஆரம்பித்தாராம். எங்கள் கடைப் பையன்கள் வரை எல்லோரும் சொல்லும் கதை இது. அப்படி ஒரு பிழையே நடக்கவில்லை என்று அதை உருவாக்கிய சிட் மெயர் 2020-இல் எழுதிய நினைவுக் குறிப்பில் சொல்லிவிட்டார். 2010-இல் வந்த ஐந்தாம் விளையாட்டில்தான் வேடிக்கைக்காக வேண்டுமென்றே காந்தியின் அணுகுண்டு ஆசையை 10-க்கு 12 என்று வைத்தார்கள். சரி, சிரிப்புக்கு அது போதும். ஆனால் நிஜக் காந்தியை நினைத்துப் பாருங்கள். 1922-இல் ஒத்துழையாமை இயக்கம் நாடு முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தபோது, சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்தைக் கொளுத்தி போலீஸ்காரர்களைக் கொன்றது என்பதற்காக இயக்கத்தையே நிறுத்தினார். கூட இருந்த தலைவர்களே கொதித்துப் போனார்கள். கையில் இருந்ததைக் கீழே வைத்த அந்த முடிவில்தான் ஆள் தெரிகிறார். ‘அமைதி 100’ என்ற எண்ணில் அவர் தெரியவே மாட்டார்.

ஒரு மனிதன் எதற்காக நஷ்டப்படத் தயார் என்பதில்தான் அவன் குணம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நல்ல விளையாட்டுகள் இதைப் பிடித்திருக்கின்றன. 2006-இல் வந்த மெடீவல் 2-இல் தளபதிக்கு முன்கூட்டியே நல்லவன் பட்டம் ஒட்ட மாட்டார்கள். சண்டை முடிந்து கைதிகளை விட்டால் அவன் பெயர் ஒரு பக்கம் வளரும், வெட்டினால் இன்னொரு பக்கம் வளரும். அடுத்த சண்டையில் எதிரிப்படை அவனைப் பார்த்து நடுங்குவதும் அதைப் பொறுத்தது. 2020-இல் வந்த க்ரூஸேடர் கிங்ஸ் 3 இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் இரக்கமுள்ள ராஜா ஒரு கைதியைத் தூக்கில் போடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அவனுக்கு மன அழுத்தம் ஏறும். ஏற ஏறக் குடிப்பான், உறவுக்காரர்கள் மேல் பாய்வான், ஒரு கட்டத்தில் உடைந்தே போவான். தன் குணத்துக்கு மாறாக நடந்தால் விலை கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. அந்த ஒரு விதியில் ஆடுகிறவன் கையே தயங்குகிறது. அந்த விளையாட்டின் வரைபடத்தில் சோழநாடும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

சரி, நம் ஆட்களுக்கு இந்தக் குணங்களை எங்கே தேடுவது? கட்டுரையில் அந்தப் பிள்ளைகள் மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பாத்திரங்களை அமைத்ததாகச் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் சறுக்கல். கல்வெட்டின் தலைப்பில் மெய்க்கீர்த்தி எழுதும் வழக்கத்தை ஒழுங்காகத் தொடங்கி வைத்தவன் ராஜராஜன். அது அரசன் தன்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல விரும்பியது. என் கடையில் தினமும் தட்டச்சு செய்து கொடுக்கிற பயோடேட்டா மாதிரி. அதில் இதுவரை யாரும் ‘நான் சோம்பேறி, முன்கோபி’ என்று எழுதச் சொன்னது கிடையாது.

குணம் தெரிய வேண்டும் என்றால் மெய்க்கீர்த்தியைத் தாண்டிக் கீழே இறங்கிப் படிக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, நாம் கொடுத்தவை, அக்கன் கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுக என்கிறது. வரிசையைப் பாருங்கள். தனக்கு அடுத்தபடி அக்காள், அதற்கப்புறம்தான் மனைவிமார். அரண்மனையில் யார் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? விளையாட்டில் ராஜராஜனின் ராணி ஒருத்தி ஒன்று கேட்டு, குந்தவையார் வேண்டாம் என்றால் என்ன நடக்கும் என்பதை இந்த ஒரு வரியை வைத்தே எழுதிவிடலாம். குந்தவையாரும் வெறும் கருணைக் கடல் அல்ல. தாதாபுரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் சமணருக்கும் தனித்தனியாகக் கோயில் எடுத்தவர் அவர். மூன்று தரப்பையும் கைக்குள் வைத்திருக்கத் தெரிந்த பெண்மணிக்கு ‘கருணை 99’ என்று அட்டை எழுதுவது அவரைக் குறைத்து மதிப்பிடுவது.

ராஜேந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-லேயே ராஜேந்திரனுக்குத் தனிப் படையெடுப்பு வரிசை போட்டுவிட்டார்கள். நானும் ஆடினேன், உருமி வாளோடு நம் வீரர்கள் போவதைப் பார்த்து விசிலடிக்காத குறை. எங்கே பார்த்தாலும் அவன் கங்கை, கடாரம் என்று பாய்கிற புலிதான். ஆனால் திருவாரூர்க் கோயில் கல்வெட்டு ஒன்று, ராஜேந்திரனும் அவன் அனுக்கி பரவை நங்கையும் சேர்ந்து நின்ற இடம் தெரிவதற்காக அங்கே குத்துவிளக்கு வைத்ததைச் சொல்கிறது. அனுக்கி என்றால் பட்டத்துராணி அல்ல, மனசுக்கு நெருங்கியவள். ஊரறிய, கல்லறிய விளக்கு வைத்திருக்கிறான். இதே சோழப்படை வடக்கே போனபோது என்ன செய்தது என்று சாளுக்கியர் பக்கத்தில் எழுதி வைத்த, தார்வார்ப் பக்கத்து ஹொட்டூரின் 1007-ஆம் ஆண்டுக் கல்வெட்டையும் கூடவே வையுங்கள். ஒன்பது லட்சம் பேரோடு வந்தார்கள், பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றார்கள் என்கிறது அது. எதிரி எழுதியது, ஊதிப் பெருக்கியிருப்பான். ஒன்பது லட்சம் என்பதை யாரும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் சாளுக்கிய நாட்டு ஆள் சோழ இளவரசனைப் பார்க்கிற கண் அதுதான். ஆகவே ஒரு ஆளுக்கு ஒரே அட்டை போதாது. திருவாரூரில் இருந்து பார்த்தால் ஒரு ராஜேந்திரன், தார்வாரில் இருந்து பார்த்தால் வேறொருவன். யார் பார்க்கிறார்கள் என்பதற்கு ஏற்ப அட்டை மாற வேண்டும். செய்வதும் அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை.

இப்போது எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன், அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

949-இல் தக்கோலத்தில் சோழருக்கும் கன்னரதேவனுக்கும் நடந்த சண்டை அந்தப் பிள்ளைகளின் விளையாட்டில் பெரிய கட்டமாக வருகிறதாம். சோழ மன்னன் பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் அதில் யானைமேல் இருந்தபடியே இறந்தான். ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்றே பிற்காலக் கல்வெட்டுகள் அவனைச் சொல்கின்றன. அவனுக்கு மிக நெருக்கமான சாமந்தன், அதாவது அவனுக்குக் கீழ்ப்பட்ட தலைவன் ஒருவன் இருந்தான், கேரளத்துக்காரன், பெயர் வல்லபன். கிராமம் என்ற ஊரின் கல்வெட்டில் வரும் படைத்தலைவன் வெள்ளன்குமரனே இவன் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. தலைவன் சாகும்போது தான் கூடவே சாகவில்லையே என்று மனம் வெறுத்துப்போனான். கங்கையில் போய் முழுகினான். அப்புறம் திருவொற்றியூருக்கு வந்து, இங்கே மடம் வைத்திருந்த நிரஞ்சன குருவிடம் துறவு வாங்கி, சதுரானன பண்டிதன் என்ற பெயரோடு அந்த மடத்துக்கே தலைவன் ஆனான். இதைச் சொல்கிற வடமொழிக் கல்வெட்டு எங்கள் கோயிலுக்கு உரியது. நான் இதைத் தெரிந்துகொண்டதே ஒரு மாணவர் எம்.பில். ஆய்வேட்டை ஸ்பைரல் போடக் கொடுத்தபோதுதான். பேப்பர் சிக்கி மெஷின் நின்ற நேரத்தில் படிக்க ஆரம்பித்து, அன்றைக்கு மற்ற வேலையெல்லாம் அப்படியே கிடந்தது.

கல்வெட்டின் தேதிதான் என்னைப் போட்டு உலுக்கியது. கன்னரதேவனின் 20-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏறத்தாழ 959. யார் படை ராஜாதித்தனைக் கொன்றதோ அவன் பெயரில்தான் அப்போது இங்கே ஆண்டுக் கணக்கு. அந்த ஆட்சியின் கீழேயே இருந்துகொண்டு, அந்த மன்னனின் ஆண்டையே போட்டு, செத்துப்போன தன் தலைவனுக்காகத் துறவியான கதையைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அழிக்கச் சொல்லி யாரும் வரவில்லை. வஞ்சகம் 90 வாங்கிய மன்னனின் ஆட்சியில்!

இந்த வல்லபனுக்கு அந்தப் பிள்ளைகள் அட்டை எழுதட்டும் பார்க்கலாம். விசுவாசம் 100 என்று போட்டால் என்ன ஆகும்? ராஜாதித்தன் இறந்ததும் கணினி அவனை அடுத்த வாரிசிடம் அனுப்பிவிடும். அடுத்து அவன் தம்பி கண்டராதித்தன் இருந்தான், அரியணை காலியாக இல்லை. நன்றாகவே வேலை கிடைத்திருக்கும். பழிவாங்கும் குணம் என்று ஒன்றைச் சேர்த்தால் ஆள் திரட்டிக்கொண்டு கலகம் செய்வான். வல்லபன் இரண்டையும் செய்யவில்லை. ஏனென்றால் அவனுடைய விசுவாசம் சோழ அரியணைமேல் இல்லை, அந்த ஒரு மனிதன்மேல். விசுவாசம் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல் யார்மேல் என்றும் கேட்டால்தான் இந்த ஆள் விளையாட்டுக்குள் வருவான். அரசன்மேலா, அரியணைமேலா, ஊர்மேலா, சம்பளத்தின்மேலா என்று நாலாகப் பிரித்து வைத்தாலே போதும். தக்கோலத்துக்கு மறுநாள் காலை ஒவ்வொரு சாமந்தனும் ஒவ்வொரு திசையில் போவான்.

இது கல்வெட்டுக் காலத்துச் சமாசாரம் மட்டும் இல்லை. காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போய்க்கொண்டிருந்த பையன் ஒருவன் என் கடையில் எப்போதும் தன் சிநேகிதனோடு கூட்டணி போட்டுத்தான் ஆடுவான். ஒரு நாள் சிநேகிதனின் ஊரைக் குதிரைப்படை வந்து தரைமட்டம் ஆக்கியது. இவன் கோட்டைக்கு ஒரு கீறல் கிடையாது. படை முழுசாக நிற்கிறது, தங்கம் குவிந்து கிடக்கிறது. ரிசைன் பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்துவிட்டான். “ஏண்டா, நீ இன்னும் ஜெயிக்கலாமே” என்றேன். “அவன் பூட்டான்ணா. நான் மட்டும் இருந்து இன்னாத்துக்கு?” என்றான். கட்டிய காசில் அரைமணி நேரம் பாக்கி இருந்தது, அதைக்கூடக் கேட்கவில்லை. இன்னொரு பையன், அவன் பேர் சொன்னால் இன்றைக்கும் தெருவில் சிரிப்பார்கள், கூட்டாளி விழுந்த அடுத்த நொடி கூட்டாளியின் தங்கச் சுரங்கத்துக்குத் தன் ஆட்களை அனுப்பிவிட்டான். இரண்டு பேருமே நன்றாக ஆடுகிறவர்கள். வீரம், அறிவு எல்லாம் சம மதிப்பெண்தான்.

தக்கோலத்தின் எதிர்ப்பக்கத்திலும் இப்படி ஒருவன் உண்டு. கன்னரதேவனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பூதுகனின் ஆள் மணலேரன். சண்டையில் அவன் காட்டிய வீரத்தைப் பார்த்து, வேண்டியதைக் கேள் என்றார்கள். ஊர் கேட்டிருக்கலாம், பொன் கேட்டிருக்கலாம். அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை! அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்துப்போக, நாய்க்குக் கல் நட்டு நிலமும் விட்டார்கள். மண்டியா மாவட்டம் ஆதகூரில் கிடைத்த அந்தக் கல் இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘எதிரித் தளபதி 3’ என்று பெயர் வைத்து வாளைக் கையில் கொடுத்து நிறுத்துகிற இடத்தில் இந்த மணலேரனை நிறுத்திப் பாருங்கள். அவனை வெட்டும்போது ஆடுகிறவனுக்கே ஒரு மாதிரி இருக்கும்.

நிரல் எழுதுகிறவர்கள் உடனே ஒன்று சொல்வார்கள், நியாயமான பேச்சுதான். குணப்படி நடக்கிற கணினி எதிரி தோற்றுப்போகும், தோற்றால் ஆடுகிறவன் ‘இந்தக் கணினி முட்டாள்’ என்று திட்டுவான் என்பார்கள். ஜெயிப்பதற்காக மட்டும் ஆட விட்டாலோ எல்லா மன்னனும் ஒரே மாதிரி ஆடுவான், முகம் மட்டும் மாறும். இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. காரணம் ஆடுகிறவன் கண்ணில் படவேண்டும். ராஜாதித்தன் சண்டையை எதிர்பார்த்துத் திருமுனைப்பாடி நாட்டில் வருஷக்கணக்கில் படையோடு காத்திருந்தான், சும்மா இருந்த வீரர்களை வைத்து வீராணம் ஏரியை வெட்டினான் என்று மரபாகச் சொல்வார்கள். 2004-இல் இருந்து சென்னைக்குக் குழாயில் வருகிறதே, அந்த ஏரிதான். விளையாட்டில் ராஜாதித்தன் படையை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தால் முட்டாள் என்று தோன்றும். அதே படை ஏரி வெட்டுவதைக் காட்டினால், இந்த ஆள் சிப்பாய்க்கு வேலை கொடுத்தே பழக்கப்பட்டவன், முதல் அடி அடிக்க மாட்டான் என்று புரிந்துவிடும். அப்புறம் அவன் தோற்றாலும் யாரும் கணினியைத் திட்ட மாட்டார்கள்.

எல்லாப் பாத்திரத்துக்கும் இவ்வளவு தேட நேரம் எங்கே என்றால், தேவையே இல்லை. முக்கியமான பத்துப் பேருக்கு ஒவ்வொரு கல்வெட்டுச் சம்பவம் போதும். மற்றவர்களுக்குக் குலுக்கல் முறையில் எண் போட்டுக்கொள்ளட்டும், சிவிலைசேஷனே அப்படித்தான் இரண்டு கூட்டிக் குறைத்து விடுகிறது. கூடவே ஒன்றுக்கொன்று முட்டுகிற இரண்டு குணங்களை ஒவ்வொரு ஆளுக்குள்ளும் வைத்தால் மீதியை விளையாட்டே பார்த்துக்கொள்ளும்.

நீங்கள் அந்தப் பிள்ளைகளின் தொடர்பு எண்ணைக் கட்டுரையில் போடவில்லை, அதனால் இந்தக் கடிதத்தை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். வெளியிடுவதாக இருந்தால் என் பெயர் வேண்டாம், கடைக்கு ஏற்கனவே வேண்டாத கூட்டம் வருகிறது. சோதனைப் பதிப்பு தயார் ஆனதும் கொண்டுவரட்டும். பழைய கணினி இரண்டு இன்னும் ஓடுகிறது, புதிதாக ஒன்றும் இருக்கிறது. ஆடிப் பார்க்க எங்கள் தெருப் பையன்கள் இருக்கிறார்கள், பிடிக்கவில்லை என்றால் மூஞ்சிக்கு நேராகச் சொல்வார்கள். தேரடி மெட்ரோவில் இறங்கிக் கோயில் பக்கம் நடக்கும் தூரம்தான். வந்தால் கையோடு கோயிலுக்கும் கூட்டிப்போகிறேன். ராஜேந்திரன் காலத்தில், அப்போது மடத்தில் இருந்த இன்னொரு சதுரானன பண்டிதர் சொல்லி, வீரசோழத் தச்சன் என்கிற ரவி கட்டிய கல் விமானம், பின்பக்கம் யானை முதுகு மாதிரி வளைந்து இன்றைக்கும் நிற்கிறது. தச்சனுக்கும் ஒரு அட்டை போடச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கோயிலில் கூட்டம் தாங்காது. மற்ற நாளில் மாலை ஆறு மணிக்கு மேல் வரட்டும், அந்த நேரத்தில் எப்படியும் சர்வர் டவுன் என்று நான் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
தேரடி, திருவொற்றியூர்,
சென்னை.